புறவாசல் தேரை: விரட்டுவதா, விட்டுவைப்பதா?

பழைய விசில் (வீரவநல்லூர் பக்கம்)

எல்லோருக்கும் வணக்கம். முப்பத்தொரு வருடம் பஸ்ஸில் டிக்கெட் கொடுத்து, விசில் ஊதி ஓய்ந்தவன் நான். பெரும்பாலும் திருநெல்வேலி–பாபநாசம் தடம். இப்போது அப்பா கட்டிய வீட்டில் மனைவி, பிள்ளைப்பேற்றுக்கு வந்த மகள், ஏழு மாதப் பேத்தி, ஐந்து தென்னை, ஓர் எலுமிச்சை என்று காலம் போகிறது. இந்தப் பட்டியலில் ஒரு தேரையையும் சேர்க்க வேண்டும். அதை வைத்துக்கொள்வதா விரட்டுவதா என்பதில்தான் ஐப்பசி பிறந்ததிலிருந்து வீட்டில் சண்டை.

புறவாசலில் துவைகல்லுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவில் நாலு விரல் சந்து இருக்கிறது. பகல் முழுக்க அதற்குள் கிடக்கும். விளக்குப் போட்டதும், ஆறே முக்கால் ஏழுக்கு, மெதுவாக வெளியே வந்து பல்புக்குக் கீழே சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி உட்காரும். இடம் மாறவே மாறாது. சீசன் டிக்கெட்காரர் ஜன்னலோரம் பிடிப்பதைப் போல. என் உள்ளங்கையை நிறைக்கும் அளவு. காய்ந்த சாணி நிறம். முதுகெல்லாம் கொப்புளம், கொப்புளத்தின் நுனியில் கறுப்பு. கண்ணுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் தடித்த மேடு. வலது முன்காலில் ஒரு விரல் இல்லை, அதனால் ஆள் மாறாட்டத்துக்கு வழியில்லை. ஒரு நாளும் கத்தியதில்லை. முதல் மழைக்குப் பிறகு ஈசல் கிளம்பிய இரவில் நாற்காலி போட்டு எண்ணினேன். நாற்பத்து மூன்று ஈசல் போனது. நாற்பத்து நாலாவதை வாயில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டது. பழைய தொழில் பழக்கம், எண்ணாமல் இருக்க முடியவில்லை.

இனி பிராது. பேத்தி உடம்பு தேறவில்லை. பிறக்கும்போது 2 கிலோ 900 கிராம், இப்போது 6 கிலோ 200. கால் குச்சி போல இருக்கிறது. பக்கத்து வளவு ஆச்சி வந்து பிள்ளையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "தேரை விழுந்திருக்கிறது. தேரை விழுந்த பிள்ளை தேறாது" என்று சொல்லிப் போனாள். வெற்றிலையைத் துப்பிவிட்டுப் போனாள் என்றுகூடச் சொல்லலாம், அவ்வளவு சுலபமாக. அன்று முதல் என் மனைவிக்குத் தொட்டியோரம் போகவே கை கால் நடுங்குகிறது. அவள் கையில் இன்னொரு சாட்சியும் இருக்கிறது: கிணற்றடித் தென்னையில் நாலு காய்க்கு ஒன்று உள்ளே பருப்பே இல்லை. தேரை மோந்த காயாம். போதாததற்கு, தேரை இருக்கும் இடத்தைத் தேடிப் பாம்பு வருமாம்.

போன வாரம் நான் டவுனுக்குப் போயிருந்த நேரம் பார்த்து, எதிர்வீட்டுப் பையனைப் பிடித்து அதை வாளியில் அள்ளி வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் விடச் சொல்லியிருக்கிறாள். அவனுக்குக் கூலி பத்து ரூபாய். மூன்றாம் இரவு, விளக்குப் போட்டு அரை மணிக்குப் பிறகு, அதே ஒரு விரல் குறைந்த கை. பல்புக்குக் கீழே. பத்து ரூபாய் போச்சு என்று நான் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது.

எனக்கு இதன் மேல் ஏன் இத்தனை பரிவு என்று மகள் கேட்டாள். கடைசி நடை வண்டியில் வேலை பார்த்தவனுக்குத் தெரியும். ஐப்பசி முதல் மழை விட்ட இரவில் பத்தமடைக்கும் சேரன்மகாதேவிக்கும் நடுவே இரண்டு பக்கமும் வயல், ரோடு முழுக்க இவைதான். வெளிச்சத்தைப் பார்த்ததும் ஓடத் தெரியாது, உட்கார்ந்துவிடும். டயருக்குக் கீழே கேட்கும் அந்தச் சத்தத்துக்கு ஓட்டுநர் ரேடியோவைக் கூட்டுவார். நான் படியில் நின்றுகொண்டு ஒன்றும் செய்ய முடியாமல் சில்லறை எண்ணுவேன்.

ஆகவே கேட்கிறேன். பிள்ளை இளைப்பதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா? தேங்காய்க்கு? பாம்புக்கு? உண்டு என்று விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் நானே கொண்டுபோய் விடுகிறேன். இல்லை என்றால், என் மனைவிக்கு வாசித்துக் காட்டுகிற மாதிரி எழுதுங்கள்.


சில்லுக்கருப்பட்டி (மூலைக்கரைப்பட்டி)

அண்ணாச்சி, இவ்வளவு யோசிக்க என்ன இருக்கிறது? கல் உப்பு ஒரு கைப்பிடி எடுத்து அந்தச் சந்தில் போடுங்கள். எங்கள் வீட்டில் பிளீச்சிங் பவுடர் போட்டு ஒரே நாளில் ஒழித்தோம். பிள்ளை இருக்கிற வீடு, விளையாட்டு வேண்டாம்.


மருதநிழல் (பாளையங்கோட்டை)

கருப்பட்டித் தம்பிக்கு முதலில் சொல்லிவிடுகிறேன்: அண்ணாச்சி அப்படிச் செய்ய வேண்டாம். தேரை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை. ஈரத் தரையில் அடிவயிற்றை ஒட்ட வைத்து, அந்தத் தோல் வழியாக உறிஞ்சிக்கொள்ளும். துவைகல் ஓரத்தை அது விடாமல் பிடித்திருப்பதற்குக் காரணம் இதுதான். அந்தத் தோலின் மேல் உப்பைக் கொட்டினால் உடம்பிலிருக்கும் தண்ணீர் வெளியே இழுக்கப்பட்டு, துடித்துச் சாகும். பிளீச்சிங் பவுடர் தோலையே பொசுக்கிவிடும். அதே பொடி உங்கள் வீட்டுப் பிள்ளை தவழும் தரையிலும் கிடக்கும் என்பதையும் யோசியுங்கள்.

அண்ணாச்சி, பள்ளிக்கூடத்தில் இருபத்தெட்டு வருடம் விலங்கியல் நடத்தியவள் நான். ஒவ்வொரு வருடமும் இந்தப் பெயரில் வந்து முட்டிக்கொள்வேன். நம் பக்கத்தில் தேரை என்ற ஒரே பெயரில் இரண்டு உயிரைச் சொல்கிறார்கள். ஒன்று, குளியலறைச் சுவரிலும் கண்ணாடிக்குப் பின்னாலும் ஒட்டிக்கொண்டிருந்து, விளக்கைப் போட்டதும் நம் மேலேயே தாவுவது. ஒல்லி உடம்பு, வழுவழுத்த தோல், விரல் நுனியில் வட்ட வட்டமாக ஒட்டுத் தட்டு. அது மரத்தவளை. சுண்ணாம்புச் சுவரில் ஒட்டிக்கிடப்பதைப் பார்த்த வெள்ளைக்காரர்கள் அதற்குச் சுண்ணாம்பை வைத்தே பெயர் சொன்னார்கள். 'தேரை விழுந்தது' என்று நம் ஆட்கள் சொல்வதில் அந்த 'விழுவது' இதுதான் என்பது என் எண்ணம். மேலிருந்து விழ வேண்டுமானால் மேலே ஏற வேண்டும் அல்லவா?

உங்கள் தொட்டிக்காரருக்கு அந்த ஒட்டுத் தட்டு கிடையாது. சுவர் ஏறாது. குட்டைக் கால், தத்தித் தத்தித்தான் போகும். தொட்டிலில் கிடக்கும் பிள்ளை மேல் விழ அதற்கு ஏணி வேண்டும். நீங்கள் எழுதிய அடையாளம் எல்லாம் சரியாகப் பொருந்துகிறது, கண்டக்டர் கண் பொய் சொல்லவில்லை. 1799இல் ஷ்னைடர் என்பவர் இதை முதலில் விவரித்து, கறுப்புப் புள்ளிக்காரன் என்ற பொருளில் மெலனோஸ்டிக்டஸ் என்று பெயரிட்டார். 2006இல் அதை ஒரு புதிய பேரினத்தில் வைத்தார்கள். அந்தப் பேரினத்துக்கு டட்டாஃபிரைனஸ் என்று பெயர், சுசீல் குமார் தத்தா என்ற நம் நாட்டுத் தவளை ஆய்வாளரைப் பெருமைப்படுத்தும் விதமாக. ஆகவே உங்கள் துவைகல் ஓரம் இருப்பது ஓர் இந்தியப் பேராசிரியரின் பெயரைத் தாங்கிய உயிர் என்று வீட்டில் சொல்லிப் பாருங்கள். பயன்படாது, ஆனாலும் சொல்லுங்கள்.

உள்ளங்கை நிறைய இருக்கிறது, ஒரு நாளும் கத்தியதில்லை என்கிறீர்கள். அப்படியானால் அது பெண்ணாகத்தான் இருக்கும். ஆண் சிறியது. மழைக்காலத்தில் தொண்டை மஞ்சளாகி, தண்ணீர் ஓரம் உட்கார்ந்து 'கிர்ர்ர்ர்' என்று மூச்சுவிடாமல் இழுக்கும். குரல் எல்லாம் ஆணுடையது. நுணலும் தன் வாயால் கெடும் என்கிறோமே, அந்த நுணல் வேறு ஆள், மணலுக்குள் பின்பக்கமாகத் தோண்டிப் புதைந்துகொள்ளும் குண்டுத் தவளை. ஆனால் வாயால் கெடுவது இங்கேயும் ஆண்தான். வகுப்பில் இதைச் சொன்னால் பெண் பிள்ளைகள் மேஜையைத் தட்டுவார்கள்.

நாற்பத்து நாலாவது ஈசலுக்குக் கண்ணை மூடியது தூக்கத்தில் அல்ல. தேரைக்குப் பல் இல்லை. வாயில் போட்டதை விழுங்கும்போது கண் இரண்டும் உள்வாங்கி, மேலண்ணத்தின் வழியாக இரையைத் தொண்டைக்குள் தள்ளும். அடுத்த முறை பக்கவாட்டில் உட்கார்ந்து பாருங்கள், கண் உள்ளே போய் வருவது தெரியும்.

விஷம் இருக்கிறதா என்றால், இருக்கிறது. மறைக்க வேண்டியதில்லை. கண்ணுக்குப் பின்னால் நீங்கள் பார்த்த தடித்த மேடுகள்தான் அந்தப் பை. நசுக்கினாலோ கடித்தாலோ வெள்ளையாகப் பால் கசியும். இதயத் துடிப்பையே குலைக்கும் பொருள் அதில் உண்டு. தேரையைத் தின்று செத்த மனிதர்கள் உண்டு, வேகவைத்தால் விஷம் போய்விடும் என்பதும் பொய். யாராவது தேரையை வைத்து நாட்டு மருந்து செய்து தருகிறேன் என்று வந்தால் வாசலிலேயே அனுப்பிவிடுங்கள். மற்றபடி அது நம் மேல் பீய்ச்சுவதில்லை, துரத்துவதில்லை. கையில் எடுத்தால் மூத்திரம் பெய்யும், அது பெரும்பாலும் சேமித்து வைத்த தண்ணீர். கை கழுவாமல் கண்ணைக் கசக்காதீர்கள், அவ்வளவுதான். மரு வருவது தேரையால் அல்ல, மனிதர்களிடையே பரவும் வைரஸால்.

பாம்பு விஷயத்தில் உங்கள் வீட்டம்மா சொல்வதில் பாதி உண்மை. சாரை, தண்ணீர்ப்பாம்பு, நல்லபாம்பு மூன்றும் தேரையைத் தின்னும். விஷத்தையும் மீறித் தின்னும், ஏனென்றால் இந்த மண்ணில் இரண்டும் எத்தனையோ காலமாகச் சேர்ந்து வாழ்ந்து, அந்த விஷத்தைத் தாங்கும் உடம்பு பாம்புக்கு அமைந்துவிட்டது. இதே தேரை கப்பல் சரக்கோடு மடகாஸ்கரின் டோமாசினா துறைமுகத்தில் போய் இறங்கிப் பெருகியது 2014இல் உலகத்துக்குத் தெரிய வந்தது. அங்குள்ள பாம்புகளுக்கு அந்தப் பழக்கமே இல்லை. கடித்தால் சாவு என்று அங்கே இன்று பயப்படுகிறார்கள். ஆஸ்திரேலியாவில் இன்னும் பழைய கதை. 1935இல் கரும்பு வண்டைத் தின்னட்டும் என்று ஹவாயிலிருந்து வேறொரு பெரிய தேரையைக் கொண்டுவந்து குயின்ஸ்லாந்தில் விட்டார்கள். அது வண்டை விட்டுவிட்டு மற்றதை எல்லாம் தின்றது. அதைக் கடித்த நாட்டு விலங்குகள் செத்தன. மடகாஸ்கரில் கொலைகாரன் என்று பெயர் எடுத்த அதே தேரை வீரவநல்லூரில் வெறும் துவைகல்வாசி. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற வித்தியாசத்தைத்தான் நான் இருபத்தெட்டு வருடம் கரும்பலகையில் எழுதப் பார்த்தேன்.

பாம்புக்குப் பயந்தால் தேரையைத் தூக்க வேண்டாம். தென்னை மட்டை, தேங்காய் மட்டைக் குவியலை வாசலிலிருந்து தள்ளி வையுங்கள், எலி வளையை அடையுங்கள், இரவில் டார்ச் இல்லாமல் புறவாசலில் கால் வைக்காதீர்கள். பாம்புக்குத் தேரையைவிட எலி பெரிய விருந்து.

ஒரு வேலை தருகிறேன். சந்துக்கு முன்னால் சுண்டுவிரல் நுனி பருமனில் கறுப்பாக, உருட்டியது போல எச்சம் கிடக்கும். பூனையினுடையது என்று பெருக்கித் தள்ளியிருப்பீர்கள். ஒன்றை எடுத்துத் தண்ணீரில் கரைத்து, வெள்ளைத் தட்டில் ஊற்றிப் பாருங்கள். பார்த்ததை வந்து எழுதுங்கள்.


கன்னடியன் கால் (சேரன்மகாதேவி)

டீச்சர் எழுதியதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. வயல்காரன் கண்ணில் பட்டதைச் சொல்கிறேன்.

பிசான நாற்றங்காலில் தண்ணீர் கட்டியதும் ஓரத்தில் கறுப்பு மணி கோத்த நூல் மாதிரி நீளமாகக் கிடக்கும். இரட்டை நூல், வழவழவென்று இருக்கும். அது தேரை முட்டை. தவளையினுடையது குவியலாக இருக்கும், தேரையுடையது சரமாக இருக்கும். ரெண்டு மூணு நாளில் கறுகறுவென்று தலைப்பிரட்டை, கூட்டமாக வரப்போரமே மொய்க்கும். பயிரைத் தின்னுமோ என்று என் மகன் கேட்டான். பாசியைத்தான் அரிக்கிறது. ஒரு மாதத்துக்குக் கொஞ்சம் மேலே தண்ணீர் நின்றால் போதும், கட்டை விரல் நகம் அளவு குட்டித் தேரைகள் ஒரே நாளில் வரப்பேறும். கால் வைக்க இடமிருக்காது. ஆயிரத்தில் எத்தனை பிழைக்கிறது என்று கேட்காதீர்கள். கொக்கும் மடையானும் காத்து நிற்கும்.

எங்கள் பக்கம் சிறு வாய்க்கால்களுக்குச் சிமென்ட் பூசிவிட்டார்கள். தண்ணீர் வீணாகாமல் வருகிறது, நான் குறை சொல்லவில்லை. ஆனால் உள்ளே விழுந்த குட்டிகளால் செங்குத்துச் சுவரில் ஏற முடிவதில்லை. காலையில் தண்ணீர் பார்க்கப் போகும்போது அடியில் வெந்து கிடக்கும். இப்போது நான் என் மடையில் ஒரு பனை மட்டையைச் சாய்த்துப் போட்டு வைத்திருக்கிறேன். கருக்கு இருப்பதால் பிடித்து ஏறிவிடுகிறது. பக்கத்து வயல்காரர், "தேரைக்குப் படித்துறை கட்டியிருக்கிறாய்" என்று கேலி செய்தார். போன வருடம் அவர் மடையிலும் ஒரு மட்டை கிடந்தது.

குருணைப் பூச்சிமருந்து போட்ட வருடம் எங்கள் வயலில் மழைக்குப் பிறகும் ஒரு குரல் கேட்கவில்லை. அந்த அமைதி எனக்குப் பிடிக்கவில்லை. அப்பா காலத்தில் இரவில் பெட்ரோமாக்ஸ் விளக்கோடு வந்து பெரிய வயல் தவளைகளைச் சாக்குச் சாக்காகப் பிடித்துப் போவார்களாம், தவளைக்கால் வெளிநாட்டுக்குப் போன காலம். 1987இல் அந்த ஏற்றுமதியை அரசு தடை செய்தது. அந்த நாளிலும் தேரையைச் சாக்கில் யாரும் போட்டதில்லை. அசிங்கமாகப் பிறந்ததில் அதற்கு ஒரு லாபம்.

தேங்காய்க்கு வருகிறேன் அண்ணாச்சி. உங்கள் கிணற்றடித் தென்னை என்ன உயரம்? நாற்பதடி இருக்குமா? டீச்சர் சொன்ன மாதிரி சுவரே ஏறாத உயிர், மரமேறிக் காயை மோந்து பார்த்துவிட்டு இறங்குமா? உள்ளே பருப்பில்லாத ஒல்லிக்காய் வருவது பெரும்பாலும் மகரந்தம் சரியாகச் சேராததாலும், பொட்டாஷ், போரான் மாதிரி சத்துக் குறைவாலும்தான். வெளிமட்டை தேரை முதுகு மாதிரி சொரசொரப்பாக, பழுப்பாக வெடித்திருந்தால் அது ஈரியோபைட் சிலந்தி. கண்ணுக்குத் தெரியாத பூச்சி. 1998இல் கேரளத்தில் முதலில் கண்டார்கள், பிறகு இங்கேயும் வந்துவிட்டது. காயின் மேல்தோலைப் பார்த்துத்தான் தேரை மோந்தது என்று பெயர் வந்ததோ என்று எனக்குச் சந்தேகம் உண்டு, ஆனால் அந்தப் பேச்சு இந்தச் சிலந்தி வருவதற்கும் முந்தியது. மரத்துக்குக் கடைசியாக எப்போது உரம் வைத்தீர்கள்?


பழைய விசில்

அப்பா உயிரோடு இருந்தபோது.


கிராமத்து நர்ஸ் (களக்காடு பக்கம்)

ஐயா, தேரையையும் தேங்காயையும் விடுங்கள். 6 கிலோ 200 என்று எழுதியிருக்கிறீர்கள், எல்லோரும் அதைத் தாண்டிப் போய்விட்டார்கள்.

ஏழு மாதப் பெண் பிள்ளைக்கு இது குறைந்த எடை. பயப்படும் எல்லையைத் தொடவில்லை, ஆனால் அந்த எல்லைக்குப் பக்கத்தில் நிற்கிறது. பிள்ளைக்கு ஆறு மாதம் முடிந்தபின் என்ன கொடுக்கிறீர்கள்? நான் போகும் பத்து வீட்டில் ஏழு வீட்டில் ஒரே பதில்தான்: பால், பிறகு கஞ்சித் தண்ணீர். தண்ணீரில் வயிறு நிறையும், சதை பிடிக்காது. ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டும். அதன் பிறகு தாய்ப்பாலோடு கெட்டியான சாப்பாடு. கரண்டியைச் சாய்த்தால் வழியக் கூடாது, அந்தப் பதம். குழைத்த சோறு, பருப்பு, ஒரு சொட்டு நெய் அல்லது நல்லெண்ணெய், மசித்த காய், முட்டை. அங்கன்வாடியில் சத்துமாவு வாங்கிக்கொள்ளலாம். அங்கேயே மாதாமாதம் எடை போட்டு அட்டையில் குறிக்கச் சொல்லுங்கள். ஒரு நாள் எடையை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, கோடு மேலே ஏறுகிறதா என்றுதான் பார்க்க வேண்டும். காய்ச்சல், வயிற்றுப்போக்கு, பால் குடிக்காமல் சோர்வு இருந்தால் ஒரு நாளும் காத்திருக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

ஆச்சியைக் கோபிக்க வேண்டாம். கை கால் ஒடுங்கி வயிறு மட்டும் துருத்திய பிள்ளையைப் பார்த்துத்தான் அந்தக் காலத்தில் தேரை என்று சொல்லியிருப்பார்கள், பார்த்தால் அப்படித்தான் இருக்கும். ஆச்சி நோயைச் சரியாகத்தான் பார்த்தாள். காரணத்தைத் தொட்டிக்குக் கீழே தேடிவிட்டாள்.


சில்லுக்கருப்பட்டி

டீச்சர், அவசரம். எங்கள் நாய்க்குட்டி இப்போது ஒரு தேரையை வாயில் கவ்விவிட்டது. தேரை தப்பிப் போய்விட்டது. குட்டி வாயில் நுரை தள்ளித் தலையை ஆட்டுகிறது. என்ன செய்ய?


மருதநிழல்

குழாய்த் தண்ணீரில் வாயைக் கழுவு. தலையைக் கீழ்ப்பக்கமாகச் சாய்த்துப் பிடி. தண்ணீர் பக்கவாட்டில் போய் வெளியே வடிய வேண்டும், தொண்டைக்குள் போகக் கூடாது. ஈரத் துணியால் ஈறையும் நாக்கையும் துடைத்துக்கொண்டே ஐந்து பத்து நிமிடம் விடாமல் கழுவு. நடை தள்ளாடினாலோ வலிப்பு வந்தாலோ நேரே கால்நடை மருத்துவமனைக்குப் போ. கழுவியபின் எழுது.


சில்லுக்கருப்பட்டி

நுரை நின்றுவிட்டது. வாலை ஆட்டுகிறது. நன்றி டீச்சர். பவுடர் போட்டு ஒழித்தோம் என்று நான் எழுதியது சரியில்லை போலிருக்கிறது, இது எங்கிருந்து வந்தது?


மருதநிழல்

இடம் காலியாக இருந்தால் அடுத்தது வரத்தான் செய்யும். குட்டியை இரவில் கட்டிப் போடு.


பழைய விசில்

மன்னிக்க வேண்டும், ஆறு வாரமாக எழுதவில்லை. வேலை இருந்தது. டீச்சரம்மா வீட்டுப்பாடம் கொடுத்திருந்தார் அல்லவா?

எச்சத்தை எவர்சில்வர் தட்டில் கரைத்தேன். மகள் முகத்தைச் சுளித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். முதலில் கரித்தூள் மாதிரி இருந்தது. தண்ணீர் தெளிந்ததும் வெயிலில் பிடித்துப் பார்த்தேன். எல்லாம் எறும்புத் தலை. தலை, தலை, தலை. நடுவில் பச்சையாக மினுங்கும் வண்டின் ஓடு இரண்டு, கரப்பானின் முள்ளுக் கால் ஒன்று. பெரிய கண்ணாடியை வைத்துக்கொண்டு எண்ண ஆரம்பித்தேன். இருநூற்றுப் பத்துவரை எண்ணினேன், கண் வலித்துவிட்டது. பஸ்ஸில் தீபாவளிக்கு முந்தின நாள்கூட அத்தனை தலையை எண்ணியதில்லை. ஒரே ஓர் எச்சத்தில் இத்தனை.

என் பின்னால் நின்று மனைவி பார்த்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. "இது கடி எறும்புத் தலைதானே?" என்றாள். போன கோடையில் பேத்தி பிறந்த புதிதில் தொட்டில் கயிற்றில் ஏறிய எறும்பு அது. மஞ்சள் பொடி, சீமைச் சுண்ணாம்பு, மண்ணெண்ணெய் என்று அவள் பட்ட பாடு எனக்குத் தெரியும். வேறு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனாள்.

நீங்கள் எழுதிய எல்லாவற்றையும் அவளுக்கு வாசித்துக் காட்டினேன். மடகாஸ்கர் அவளுக்கு ஏறவில்லை. இந்தியப் பேராசிரியரும் ஏறவில்லை, டீச்சரம்மா சொன்ன மாதிரியே. நர்ஸம்மா எழுதிய பத்தியை மட்டும் மூன்று முறை வாசிக்கச் சொன்னாள். கரண்டியைச் சாய்த்துப் பார்க்கும் வித்தை மறுநாளே ஆரம்பமானது. எங்கள் வீட்டிலும் கஞ்சித் தண்ணீர்தான் கொடுத்துக்கொண்டிருந்தோம் என்பதை நான் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். அதுவும் ஆச்சி சொன்ன பக்குவம்தான். அங்கன்வாடி எடை: இன்றைக்கு 6 கிலோ 850. கோடு ஏறியிருக்கிறது. டாக்டரிடமும் காட்டிவிட்டோம், வேறு கோளாறு ஒன்றும் இல்லை என்றார். ஆச்சி வந்து தொடையைக் கிள்ளிப் பார்த்துவிட்டு, "தேரையை விரட்டிவிட்டீர்கள்போல" என்றாள். மனைவி "ஆமாம்" என்று சொன்னாள். தொட்டிச் சந்துக்கு ஆறடி தள்ளி நின்றுகொண்டு சொன்னாள்.

சேரன்மகாதேவித் தம்பிக்கு: தென்னைக்கு உரம் வைத்தாகிவிட்டது, வேளாண்மைப் பல்கலைக்கழக டானிக்கும் வேரில் கட்டியிருக்கிறேன். மட்டைக் குவியலைக் கொல்லைக் கடைசிக்கு மாற்றும்போது அடியில் எலிக்குடும்பம் ஒன்று இருந்தது. பாம்பு எதற்கு வருகிறது என்பது எனக்கும் விளங்கியது.

ஒரு திருத்தம் சொல்ல வேண்டும். 'ஒரு நாளும் கத்தியதில்லை' என்று எழுதியிருந்தேன். கார்த்திகை மழையில் ஓர் இரவு தொட்டிப் பக்கம் 'கிர்ர்ர்' என்று கேட்டது. டார்ச் அடித்துப் பார்த்தால், எங்கள் அம்மாள் முதுகில் பாதி அளவில் மஞ்சள் தொண்டையோடு ஒருவன் அக்குளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். டிக்கெட் எடுக்காத பயணி. அவனைச் சுமந்துகொண்டே தத்தித் தத்தி வேலியைத் தாண்டி வாய்க்கால் பக்கம் போயிற்று. நாலு நாள் பல்புக்குக் கீழே இடம் காலியாக இருந்தது. ஐந்தாம் நாள் தனியாகத் திரும்பி வந்தது, உடம்பு பாதியாக.

நாலாம் நாள் இரவு சாப்பிடும்போது, "இன்னும் வரவில்லையா?" என்று கேட்டது யார் என்று நான் சொல்லப்போவதில்லை.

இப்போது குளியலறைக் கண்ணாடிக்குப் பின்னால் ஒல்லியாக, வழுவழுப்பாக, விரல் நுனியில் வட்டத்தோடு ஒன்று வந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. நேற்று மகள் தலையில் தாவிவிட்டது. அதற்குத் தனியாகக் கேள்வி போடவா, இதிலேயே தொடரலாமா?